நடுத்தர நகரத்தில் சைக்கிள் பாதை: அளப்பது, கேட்பது, கட்ட வைப்பது

பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய்க்கு, வழியில் 3 கி.மீ. நல்ல சாலை இருப்பது ஒரு பொருட்டே அல்ல. பஸ்ஸும் லாரியும் திரும்புகிற அந்த 50 மீட்டர்தான் கண்முன் நிற்கும். மோசமான அந்த இடம் சரியாகும்வரை பிள்ளை சைக்கிளை எடுக்காது. நகரத்தில் சைக்கிளுக்காகச் செய்யும் எந்த வேலையையும் இந்த இடங்களைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

நெதர்லாந்து இதை அனுபவத்தில் கற்றது. 1970-களில் டில்பர்க் நகரில் மாதிரியாக ஒரு சிறந்த சைக்கிள் வழியைப் போட்டார்கள். அந்த வழியில் போக்குவரத்து கூடியது, ஆனால் நகரம் முழுவதும் சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. அடுத்த பத்தாண்டில் டெல்ஃப்ட் நகரம் வேறு வழியில் போனது. விட்டுப்போன துண்டுகளைக் கண்டுபிடித்து, சிறுசிறு இணைப்புகளால் முழு வலையாக்கியது. ஸ்பெயினின் செவில்லியும் 2006-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே 100 கி.மீ.க்கு மேல் தடுப்போடு இணைந்த பாதைகளை ஒரே மூச்சில் போட்டது. அங்கே சைக்கிள் பயணம் பல மடங்கானது. அழகான ஒரு பாதையைவிட, சுமாரான ஆனால் அறுபடாத வலை அதிகம் பயன்படும்.

முதல் வேலை: அளந்து எழுதுவது

10 மீட்டர் டேப், சாக்பீஸ், கைபேசி, கிளிப் பலகை போதும். மூன்று பேர் வேண்டும்: இருவர் டேப்பைப் பிடிக்க, ஒருவர் வாகனங்களைப் பார்த்து எச்சரிக்க. விடிந்து சந்தடி தொடங்குவதற்கு முன் போவது நல்லது.

பள்ளி, சந்தை, பஸ் நிலையம், மருத்துவமனை, பெரிய வேலையிடங்கள் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, அவற்றை இணைக்கும் நேர்வழிகளைக் கோடாக இழுங்கள். ஒவ்வொரு வழியையும் ஓட்டிப் பார்த்து, இறங்கித் தள்ள வேண்டிய இடங்களையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இடங்களையும் குறியுங்கள். அங்கே அளக்க வேண்டியவை: விளிம்புக்கல்லிலிருந்து விளிம்புக்கல் வரை சாலையின் அகலம், ஒவ்வொரு தடத்தின் அகலம், நிறுத்திய வாகனங்கள் அடைக்கும் அகலம், சந்திப்பைக் கடக்கும் தூரம். புகைப்படம் எடுக்கும்போது டேப்பின் எண் படத்துக்குள் தெரிய வேண்டும். “சாலை குறுகலாக இருக்கிறது” என்று எழுதினால் பொறியாளர் மறுப்பார். “இங்கே 1.1 மீட்டர்” என்று படத்தோடு காட்டினால் மறுக்க வழியில்லை.

எண்ணிக்கையும் வேண்டும். வாரத்தின் நடுவே ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள், காலையும் மாலையும் இரண்டு இரண்டு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை. பெண்கள், பிள்ளைகள், சுமை ஏற்றியவர்கள், நடைபாதையில் ஓட்டுகிறவர்கள் என்று தனித்தனி கட்டம். பெண்களும் பிள்ளைகளும் மிகக் குறைவாக இருந்தால் அந்தச் சாலை மக்களை அச்சுறுத்துகிறது என்பதற்கு அதைவிட எளிய அடையாளம் கிடையாது. நடைபாதையில் ஓட்டுகிறவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். பாதை எங்கே தேவை என்பதை அவர்கள்தான் காட்டுகிறார்கள்.

சைக்கிள் ஓட்டுவோர் இப்போது குறைவு என்பதை வைத்துத் தேவையே இல்லை என்று சொல்வார்கள். ஆற்றில் நீந்திக் கடப்பவர்களை எண்ணி யாரும் பாலத்தை முடிவு செய்வதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரச் சைக்கிள் திட்ட அலுவலர் ரோஜர் கெல்லர் தம் நகரத்தாரை நான்கு வகையாகப் பிரித்தார். ஓட்ட ஆசை உண்டு, ஆனால் பயம் தடுக்கிறது என்ற வகையில் சுமார் 60 சதவீதம் பேர் வருவார்கள் என்று கணித்தார். பாதை அவர்களுக்காக.

எங்கே தனிப்பாதை, எங்கே வேண்டாம்

எல்லாச் சாலையிலும் தனிப்பாதை கேட்பது பணத்தையும் பலத்தையும் வீணாக்கும். வேகம் 30 கி.மீ.க்குள், நாளுக்கு 2,000 வாகனங்களுக்குள் இருந்தால் கலந்தே ஓட்டலாம். அங்கே வேண்டியது, குறுக்குவழியாகப் புகும் வெளி வாகனங்களைத் தடுப்பது. தெருவின் நடுவே இரண்டு கனமான செடித்தொட்டிகளை 1.5 மீட்டர் இடைவெளியில் வைத்தால் சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும், கார் போகாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-இல் இதையே மையப்பகுதி முழுவதற்கும் செய்தது. மையத்தை நான்கு பகுதிகளாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாமல் சுற்றுச்சாலைக்கு அனுப்பியது. சைக்கிளுக்கு நேர்வழி திறந்தே இருந்தது.

வேகத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 30-இல் வரும் வாகனத்தைவிட 50-இல் வரும் அதே வாகனம் ஏறக்குறைய 2.8 மடங்கு மோதல் ஆற்றலைச் சுமக்கிறது.

வேகம் கூடிய, பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையில் பிரிப்பு கட்டாயம். சைக்கிள் ஓட்டுபவர் நேர்க்கோட்டில் போவதில்லை, கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் போகிறார். அதனால் ஒருவருக்கே ஏறத்தாழ 1 மீட்டர் வேண்டும். முந்திப்போக இடம் இருக்க வேண்டுமானால் ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டர், இருவழிப் பாதைக்கு குறைந்தது 3 மீட்டர். நிறுத்திய கார்களை ஒட்டிப் பாதை போனால், கதவு திறக்கும் அகலத்துக்கு 0.8 முதல் 1 மீட்டர் வரை தனியே விட வேண்டும். சுவரோ கம்பியோ ஒட்டி வரும் பக்கத்தில் 30 முதல் 50 செ.மீ. ஓட்ட முடியாத இடமாகக் கணக்கில் போய்விடும். வரைபடத்தில் 1.5 மீட்டர் என்று காட்டி, அதில் வடிகால் ஓரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கமான தவறு.

இடம் எங்கிருந்து வரும்? 14 மீட்டர் அகல, நான்கு தடச் சாலையை எடுத்துக்கொள்வோம். தடம் ஒவ்வொன்றும் 3.5 மீட்டர். அதை 3 மீட்டராகக் குறுக்கினால் மிஞ்சுவது 2 மீட்டர். பக்கத்துக்கு 1 மீட்டர். அது ஒன்றுக்கும் உதவாது. அதற்குப் பதில் மூன்று தடமாக்குங்கள்: திசைக்கு ஒன்று, நடுவில் திரும்புவதற்கு ஒன்று. பஸ் ஓடும் இரண்டுக்கும் 3.2 மீட்டர், நடுத்தடத்துக்கு 3 மீட்டர். மொத்தம் 9.4. மிச்சம் 4.6 மீட்டர், பக்கத்துக்கு 2.3. அதில் 1.8 பாதைக்கு (2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான்), 0.5 தடுப்புக்கு. நெரிசல் பெருகும் என்ற பயம் வரும். திரும்ப நிற்கும் வண்டி பின்னால் வருவோரை மறிப்பது நடுத்தடத்தால் நின்றுவிடும். நாளுக்கு 20,000 வாகனங்கள் வரை இந்த மாற்றம் ஏற்றது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகமே வழிகாட்டுகிறது.

வெறும் பெயின்ட் கோடு பாதுகாப்பு தராது. அது ஒரு மாதத்தில் வண்டி நிறுத்துமிடமாகிவிடும். கல் விளிம்போ செடித்தொட்டியோ கான்கிரீட் கட்டையோ வேண்டும். பாதைப் பக்கத்து விளிம்புக்கல் 5–6 செ.மீ. உயரத்தில் சரிவாக இருந்தால் சக்கரம் உரசினாலும் ஆள் விழமாட்டார். இருசக்கர மோட்டார் வண்டிகள் நுழையாதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வேலி போடச் சொல்வார்கள். அதில் முதலில் சிக்குவது மூன்று சக்கரச் சைக்கிளும் சுமை சைக்கிளும்தான். கம்பம் வைத்தே ஆக வேண்டுமானால் இருபுறமும் 1.5 மீட்டர் விட்டு, இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டி வைக்க வேண்டும்.

சந்திப்பு

மோதல்கள் அதிகம் நடப்பது சந்திப்புகளில். ஆனால் பெரும்பாலான பாதைகள் சந்திப்புக்கு 20 மீட்டர் முன்பே முடிந்துவிடுகின்றன. வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பக்கத் தெருவில் திரும்பும் வாகனத்தின் வேகத்தைக் குறைக்க மூலையின் வளைவை இறுக்க வேண்டும். சைக்கிள் கடக்குமிடத்தைப் பிரதான சாலையிலிருந்து ஒரு கார் நீளம், சுமார் 5 மீட்டர், உள்ளே தள்ளி, தரையை 10 செ.மீ. உயர்த்துங்கள். திரும்பிய கார் செங்கோணத்தில் நின்று பார்க்கும். பின்னால் வரும் வண்டியையும் மறிக்காது. ஓட்டுநர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

சிக்னல் நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 24 மீட்டர் சந்திப்பு. நின்ற இடத்திலிருந்து புறப்படும் சைக்கிள், மணிக்கு 15 கி.மீ. வேகத்தை எட்டவே 4 வினாடி ஆகும். அதற்குள் 8 மீட்டர்தான் போயிருக்கும். மீதி 16 மீட்டருக்கு இன்னொரு 4 வினாடி. காலை ஊன்றிக் கிளம்பும் தயக்கத்தையும் சேர்த்தால் 9–10 வினாடி. பக்கச்சாலைக்குப் பச்சையும் மஞ்சளும் சேர்த்தே 8 வினாடி கொடுத்திருந்தால், கடைசியில் வரும் முதியவர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார். சைக்கிளுக்கு மட்டும் 4–5 வினாடி முன்னதாகப் பச்சை விழவும் கேளுங்கள். லாரி அசைவதற்கு முன் சைக்கிள்காரர் லாரி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்துவிடுவார். இதற்குச் செலவு பெரும்பாலும் சிக்னல் பெட்டியில் எண்ணை மாற்றுவது மட்டும்தான்.

சிறியவை, ஆனால் விட்டுவிடக் கூடாதவை: வடிகால் மூடியின் கம்பிகள் பயண திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், நெடுக்கே இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கும். பஸ் நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். நிறுத்துமிடத்துக்கு, தலைகீழ் U வடிவில் வளைத்த இரும்புக் குழாய் போதும்: 75 செ.மீ. உயரம், ஒன்றுக்கொன்று 1 மீட்டர், சுவரிலிருந்து 60 செ.மீ. ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்கிள், சட்டத்தோடு பூட்டலாம். முன்சக்கரத்தை மட்டும் செருகும் வகை சக்கரத்தை வளைத்துவிடும்.

கேட்பது எப்படி

சாலைக்குப் புதிதாகத் தார் போடும் ஆண்டுத் திட்டத்தை முதலில் வாங்குங்கள். தகவல் பெறும் சட்டம் இருந்தால் அதன் வழியே கேளுங்கள். தார் போட்டபின் எப்படியும் கோடு போடத்தான் போகிறார்கள், வேறு இடத்தில் போடச் சொல்வதில் கூடுதல் செலவு அதிகமில்லை. ஆனால் டெண்டர் போவதற்கு முன்பே கோரிக்கை உள்ளே இருக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு போனால் அடுத்த தார் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஒரு மனு, ஒரு சாலை, ஒரு பக்கம். மேலே கோரிக்கை, நடுவே இப்போதைய குறுக்குவெட்டும் புதியதும் மீட்டரில், கீழே எண்ணிக்கையும் இரண்டு படமும். “நகரைச் சைக்கிள் நகராக்குங்கள்” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாருக்கும் வேலை வராது. பொறியாளரைத் தனியே சந்தித்து, அவர் தடையாக நினைப்பதைக் கேட்டறிந்து, பதிலோடு திரும்பிப் போய்ப் பாருங்கள். கவுன்சிலரிடம் பள்ளித் தலைமையாசிரியரையும் பெற்றோரையும் அழைத்துப் போங்கள். தலைக்கவசம் அணிந்த பத்து விளையாட்டு ஓட்டக்காரர்களைவிட ஒரு பாட்டியின் சொல் அங்கே எடுபடும்.

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், அவர்கள் பயம் உண்மையானது. அறிவிப்பு வருவதற்கு முன்பே கடை கடையாகப் போங்கள். வாடிக்கையாளர் எதில் வந்தார் என்று இரண்டு நாள் வாசலில் கேட்டுக் குறித்து, அந்தத் தாளை அவர்களிடமே கொடுங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் 8 முதல் 10 சைக்கிள் நிற்கும். சரக்கு இறக்கும் நேரத்தையும் இடத்தையும் திட்டத்திலேயே எழுதிக் காட்டினால் பாதி எதிர்ப்பு அடங்கும். மீதிக்கு சோதனை முறை உதவும்: எடுத்துவிடக்கூடிய கட்டைகளை வைத்து ஆறு மாதம். ஒரு வாரச் சோதனை வேண்டாம், பழக்கம் மாறுவதற்குள் குழப்பம் மட்டும் பதிவாகும்.

திறப்பு விழா முடிந்தபின் அதே இடத்தில், அதே நேரங்களில், அதே படிவத்தில் மீண்டும் எண்ணுங்கள். தடுப்புள்ள பாதையில் வாகனங்கள் ஓடாததால் மணலும் கண்ணாடித் துண்டும் தானாக ஒதுங்காது. வழக்கமான பெருக்கும் வண்டி உள்ளே நுழையுமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே அளந்து, யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை பெருக்குவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.