கானாவில் குடியிருப்பு: போர்வெல் ரிக் இறக்குறதுக்கு முன்னாடி

பாலக்கோடு பக்கத்துல இருந்து, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற கானா நாட்டுக்கு போர்வெல் போடப் போனவன் நான். அமெரிக்கா, கரீபியன் தீவுகள்ல இருந்து திரும்பி வர்ற கறுப்பின மக்களுக்குக் குடியிருப்பு அமைக்கிற வேலை இப்போ அங்கே கிடைக்குது. விர்ஜீனியாவுல ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கின 1619-க்கு 400 வருஷம் ஆனதை வெச்சு, 2019-ஐத் 'திரும்பும் ஆண்டு'ன்னு கானா அரசு அறிவிச்சுது. அந்த வேலைக்குப் போற நம்ம பசங்களுக்காக இதை எழுதுறேன்.

முதல்ல நிலம். பட்டா, சிட்டா எல்லாம் அங்கே தேடாதீங்க. ஏறக்குறைய 80 சதவீத நிலம் பரம்பரை உரிமையில இருக்கு. தெற்கே ஊர்த் தலைவரோட முக்காலி பேர்ல, வடக்கே தலைவர் உட்கார்ற மிருகத் தோல் பேர்ல. நம்ம ஊர் சிம்மாசனம் மாதிரி, அதுதான் தலைவர் பதவிக்கு அடையாளம். தலைவர்கிட்ட நேரா வாய் திறக்கக்கூடாது, ஒக்யாமேன்னு சொல்ற, தலைவருக்காகப் பேசுறவர் வழியாத்தான் பேச்சு. கையில ஸ்னாப்ஸ்ங்கிற சாராய பாட்டில் கண்டிப்பா வேணும். தட்டு தூக்கிட்டுப் பொண்ணு கேட்கப் போற மாதிரிதான், அவசரப்பட்டா காரியம் கெடும்.

அரசியல் சட்டத்தோட 266-வது பிரிவுப்படி வெளிநாட்டுக் குடிமகனுக்கு 50 வருஷக் குத்தகைக்கு மேல கிடையாது. குடியுரிமை வாங்கினவங்களுக்கு இந்த வரம்பு இல்ல. ஒரே இடத்தை ரெண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கிறது அங்கேயும் உண்டு. அதனால நிலம் யார் பேர்ல இருக்குன்னு நில ஆணையத்துப் பதிவுல தேடிப் பார்க்காம, நிலம் வாங்குறவங்களை அட்வான்ஸ் கொடுக்க விடாதீங்க. தலைவர் கையெழுத்தோட முடிஞ்சிடாது. அந்த நிலத்துல மரவள்ளி போட்டிருக்கிற குடும்பம் இருக்கும். புல்டோசர் இறங்குறதுக்கு முன்னாடி பயிருக்குப் பணம் கொடுத்தாகணும்.

அடுத்தது தண்ணி. என் தொழிலே அதுதான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பல்லுல கறை பிடிச்ச பசங்களோட வளர்ந்த தர்மபுரிக்காரங்களுக்கு ஃபுளோரைடைப் பத்தி விளக்க வேண்டியதில்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற வரைக்கும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சோம். கானாவோட வடகிழக்குல போங்கோன்னு ஒரு பகுதி, அங்கேயும் கிரானைட், அங்கேயும் அதே பல்லு. ஆழமாப் போனா நல்ல தண்ணி வரும்னு நினைக்காதீங்க. பாறையோட ரொம்ப நாள் கிடந்த தண்ணியிலதான் ஃபுளோரைடு ஏறும். சில மணி நேரம் பம்ப் ஓடின பிறகு பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிச்சு லேபுக்கு அனுப்புங்க, கண்ணாடி பாட்டில் வேண்டாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா அந்த போர் தோட்டத்துக்கும் கக்கூஸுக்கும் மட்டும்தான். கொதிக்க வெச்சாலும் ஃபுளோரைடு போகாது. குடிக்கிறதுக்கு மழைத்தண்ணித் தொட்டி கட்டிடுங்க. தேங்காய் வெச்சு பாயிண்ட் பார்க்கிறவரை விமானத்துல கூட்டிட்டுப் போகாதீங்க, அப்படி ஒருத்தர் கேட்டாரு. கடலோரம்னா வேற கதை: அதிகமா இறைச்சா உப்பு ஏறிடும்.

தெற்கே ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் மழை. செம்மண் ரோட்டுல ரிக் சிக்கும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள துளை போட்டு முடிச்சிடுங்க.

குடியேற வர்றவங்களோட கமிட்டிக்காரங்க முதல்ல கேட்கிறது காம்பவுண்டுச் சுவரும் கேட்டும். எனக்கு அதுல சம்மதமில்ல. மேற்கு ஆப்பிரிக்காவுலயே இருக்கிற லைபீரியாவுல, 1822-ல இருந்து அமெரிக்காவுல இருந்து வந்து குடியேறின கறுப்பின மக்கள், உள்ளூர்க்காரங்களை ஒதுக்கி வெச்சே ஆட்சி பண்ணாங்க. 1980-ல அந்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்துடுச்சு. சுவர் கட்டியே ஆகணும்னா, ஒரு குழாயாவது சுவருக்கு வெளியே, பக்கத்து ஊர் பொம்பளைங்க வந்து பிடிக்கிற மாதிரி வைங்க. அந்த பைப் செலவைக் கொட்டேஷன்லயே சேர்த்து எழுதிடுங்க. வேலை பாதி முடிஞ்ச பிறகு கேட்டா, ஒருத்தரும் காசு தர மாட்டாங்க.