இராமநாதபுரம் கடற்கரைக் கிராமத்தில் உயர்தர உணவகம் அமைப்பது எப்படி?

பெருநகர நட்சத்திர ஓட்டல்களில் பழகிய ஒரு சமையற்கலைஞர் இராமநாதபுரம் கடற்கரையில் சொந்த உணவகம் தொடங்க எண்ணினால், உணவுப் பட்டியலை எழுதுவதற்கு முன் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். என் பரிந்துரை, உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரையிலான பகுதி. நிலம் குறுகிச் செல்லும் அங்கே வடக்கில் பாக் விரிகுடாவும் தெற்கில் மன்னார் வளைகுடாவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காலத்தில் தென்கடல் கொந்தளித்தாலும் வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். ஒரு கரையை மட்டும் நம்பும் சமையலறைக்கு ஆண்டில் பல வாரங்கள் நல்ல மீன் கிடைக்காது.

கடலைப் பார்த்தபடி கட்ட வேண்டும் என்ற ஆசையைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. ஊரகக் கரையோரங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குப் பொதுவாகத் தடை இருப்பதால், நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும். மழைநீர்த் தொட்டியைக் கட்டட வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். உப்புக் காற்று 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், திறந்த வெளியில் நிற்கும் சாதனங்களுக்கு 316 தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிகளின் வெளிச்சுருள்களை அடிக்கடி நல்ல நீரால் கழுவிவிடவும் வேண்டும்.

உணவகத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் இடம் மீன் இறங்குதளம். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்களே தொழிலுக்குச் செல்வது வழக்கம்; மற்ற நாள்களில் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். உயர்தரச் சமையலுக்கு எனக்கு உகந்தது தூண்டிலில் பிடித்த நாட்டுப்படகு மீனே, ஏனெனில் வலையில் நசுங்காத விளமீனின் சதை வெந்த பிறகும் இதழ் இதழாக நிற்கும். பிடித்த உடனே செவுளருகே கீறி இரத்தத்தை வடியவிட்டு, கடல்நீர் கலந்த ஐஸில் மீனை முழுவதும் மூழ்க வைக்கும்படி படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐஸ் பெட்டியை நீங்களே கொடுங்கள், ஏல விலைக்கு மேல் ஒரு தொகையையும் கொடுங்கள். ஆனால் பல மீனவர்கள் வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கிப் பிடிப்பை அவர்களுக்கே தர ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்த உறவை அறுத்து நேரடியாக வாங்க முயல்வது ஊருக்குள் பகையை வளர்க்கும். வியாபாரியின் கணக்கு வழியாகவே வாங்குவதுதான் முறை. சினை நண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அடுத்த பருவத்தின் நண்டு அந்தச் சினையில்தான் இருக்கிறது.

காலையில் எந்த மீன் வரும் என்பது முன்னதாகத் தெரியாததால், தேர்ந்தெடுத்துக் கேட்கும் நீண்ட பட்டியல் இங்கே சரிவராது. ஒரே வேளை, ஒரே விலை, முழுக்க முன்பதிவு, இருபதுக்கு மேற்படாத இருக்கைகள் என்று தொடங்கினால் வீணாவது குறையும். விருந்தினர்களில் பலர் மதுரையிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வருபவர்கள். இராமேசுவரம் யாத்திரையோடு சேர்த்து வரும் குடும்பங்களில் சைவ உணவினர் மிகுதி என்பதால், சைவ விருந்தையும் அதே அக்கறையோடு தனியாக அமைக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அந்தக் காலத்தை நான் பெரிதும் விரும்புகிறேன், ஏனெனில் பனை பதநீர் தரும் பருவமும் அதுவே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாயின் புதுச் சரக்கும் அப்போது கைவசம் இருக்கும். கீழக்கரை வீடுகளில் நோன்புக் காலத்தில் செய்யும் கடல்பாசி (அகர் அகர்) இனிப்பைப் பதநீரில் செய்து விருந்தின் முடிவில் பரிமாறலாம். ஒரு லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உலர்ந்த பாசியை ஊறவைத்து, கொஞ்சம் தண்ணீரில், கரண்டியைத் தூக்கினால் ஓர் இழையும் ஒட்டாத அளவுக்குக் கொதிக்கவிட வேண்டும். விடியற்காலையில் இறக்கிய பதநீரைச் சுண்ணாம்பு படியும்வரை அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் வடித்துச் சுடவைத்து அதில் கலக்க வேண்டும். ஆறிய பதநீரை ஊற்றினால் பாசி உடனே திரிதிரியாக உறைந்துவிடும். சரியாகக் கலந்தால் குளிர்பதனப் பெட்டி இல்லாமலே, அறையின் வெப்பத்திலேயே உறையும்.

சமையலறைக்கு ஆள் சேர்க்கும்போது ஊர்ப் பெண்களிடமிருந்து தொடங்குங்கள். மீன் சுத்தம் செய்யும் கைவேகத்தையும் புளியின் அளவையும் அவர்களிடம் நாம் கற்க, தட்டமைப்பையும் வெப்பநிலைக் குறிப்பேட்டையும் அவர்கள் நம்மிடம் கற்பார்கள். தொலைவிலிருந்து வரும் இளைஞர்களுக்குத் தங்குமிடம் கட்டாயம் தேவை.

வடகிழக்குப் பருவமழையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், அன்றே விருந்தினர்களைத் தொலைபேசியில் அழைத்து முன்பதிவை ரத்து செய்து, வாங்கிய தொகையை முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பணியாளர்களின் அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. அந்தச் செலவை விருந்தின் விலையிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிட வேண்டும்.