கனடா பி.ஆர்.: குடும்பத்தில் ஒருவர் ஒத்துழைக்க மறுக்கும்போது செய்யக்கூடாதவை

கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு (பி.ஆர்.) விண்ணப்பிக்கிறீர்கள். பிரிந்துபோன கணவர் அதற்கான மெடிக்கலுக்கு, அதாவது மருத்துவப் பரிசோதனைக்கு, வரமாட்டேன் என்கிறார். முன்னாள் மனைவி பிள்ளையை டாக்டரிடம் அனுப்ப மறுக்கிறார். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் முதல் ஆலோசனை, "அந்தப் பேரையே போடாம விட்டுடு" என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள்.

கணவன் அல்லது மனைவி, ஓராண்டாவது சேர்ந்து வாழும் துணை, 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகிய எல்லோரையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். அவர்கள் உங்களோடு கனடா வருகிறார்களா என்பது வேறு கேள்வி. வராதவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. 18 வயது நிரம்பியிருந்தால் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். காட்டாமல் விட்டவரையும் பரிசோதனைக்கு உட்படாதவரையும் பிற்காலத்தில் குடும்ப ஸ்பான்சரில் அழைக்க முடியாது என்கிறது குடிவரவு விதி 117(9)(டி).

இந்த விதியின் கொடுமை உடனே தெரியாது. இன்று ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவிடம் இருக்கிறது, அப்பா அந்தப் பிள்ளையின் பெயரைப் போடாமல் கனடா போய்விடுகிறார் என்று வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்த அம்மா இறந்துவிட்டாலோ, பிள்ளையே அப்பாவிடம் வர ஆசைப்பட்டாலோ, சாதாரண ஸ்பான்சர் வழி அடைபட்டிருக்கும். அப்புறம் மனிதாபிமான அடிப்படையில் அதிகாரியின் கருணையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். 2019 செப்டம்பரில் ஒரு தற்காலிகச் சலுகைக் கொள்கை வந்தது உண்மை. ஆனால் அது முக்கியமாக அகதிகளாகவோ குடும்ப ஸ்பான்சரிலோ வந்தவர்களுக்கானது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளிகள் அடிப்படையில் திறனாளர்களை அழைக்கும் முறையில்) வந்தவர்கள் அதை நம்ப முடியாது. மறைத்தது தெரிந்தால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவும் பாயும்: ஐந்தாண்டுத் தடை, கையில் உள்ள பி.ஆர். பறிபோகும் ஆபத்தும் உண்டு.

இத்தனைக்கும், ஒருவர் வர மறுத்தார் என்பதற்காக மட்டும் உங்கள் ஃபைல் செத்துவிடுவதில்லை. நீங்கள் உண்மையாகவே முயன்றீர்களா என்று அதிகாரி பார்ப்பார். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். "கேட்டேன், மறுத்துவிட்டார்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதாது. எந்த டாக்டரிடம், என்றைக்குப் போக வேண்டும், செலவு என்னுடையது என்று தெளிவாகச் சொல்லி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மறுப்பைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். வக்கீல் நோட்டீஸும் நல்ல சான்று. இவ்வளவுக்கும் பலன் இல்லை என்றால், நடந்ததை விவரித்து, அவரைப் பின்னால் ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகலாம் என்பது தனக்குத் தெரியும் என்றும் எழுதிய பிரமாணப் பத்திரத்தோடு, ஃபைலைத் தொடருமாறு கேட்கலாம்.

ஆனால் பிள்ளை விஷயத்தில் அந்தப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியாவில் என்றால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் குடும்ப நீதிமன்றத்தை அணுகி, குறைந்தபட்சம் மருத்துவப் பரிசோதனைக்கு மட்டுமாவது அனுமதி கேட்டுப் பார்க்கலாம். நீதிமன்றம் நேரம் எடுக்கும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி அழைப்பு வந்தபின் உங்களுக்கு இருப்பது 60 நாள்தான். 2025 ஆகஸ்ட் 21 முதல் அந்த வழியில் மெடிக்கலை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்கவும் வேண்டும். அதனால் அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

பிள்ளையைக் கூடவே அழைத்துப் போவதாக இருந்தால், ஐ.எம்.எம். 5604 படிவத்தில் மற்ற பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதை வேறு யாரையாவது வைத்துப் போடுவது மோசடி. கையெழுத்துக்குப் பதில் நிற்கக்கூடியது நீதிமன்ற உத்தரவுதான். பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டை இணைப்பு சி என்ற உறுதிமொழிப் படிவம் மூலம் ஒரு பெற்றோரே வாங்க வழி உண்டு என்பதால், பாஸ்போர்ட் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நாடு மாறிக் குடியேறுவதற்கான சம்மதம் அதில் வராது.

விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது "மணமாகாதவர்" என்றோ "விவாகரத்தானவர்" என்றோ எழுதக்கூடாது. பிரிந்து வாழ்கிறேன் என்றுதான் எழுத வேண்டும். பரிசோதனைக்கு உட்படாத பிரிந்த துணையோடு பிறகு சேர்ந்துவிட்டாலும், அவரை ஸ்பான்சர் செய்யும் வழி அடைபட்டிருக்கும். காகிதத்தில் விவாகரத்து வாங்கிவிட்டுப் பின்னால் சேர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையையும் குடிவரவு விதி 4.1 தடுக்கிறது. ஒரு ஆறுதல்: உறவு முறிந்து, உங்களோடு வராத துணை மேல் கிரிமினல் வழக்கு இருந்தாலும் அது உங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்க்காது. மற்றவரின் சட்டப் பொறுப்பில் உள்ள பிள்ளையின் உடல்நிலையும் அப்படித்தான்.

பெற்றோர், அண்ணன் தம்பிகளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்குக் கவலை குறைவு. வயது வந்தவருக்கு அவர்கள் சம்மதம் தேவையில்லை, மெடிக்கலும் கிடையாது. குடும்ப விவரப் படிவத்தில் பெயர்களை எழுதுங்கள். முகவரி தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதி, காரணத்தை ஒரு கடிதத்தில் விளக்குங்கள். வெறுமையாக விடாதீர்கள்.

பெயரை விட்டுவிடச் சொல்லும் ஏஜென்டிடம் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் தரமாட்டார். கனடா குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே பெயரை விட்டு அனுப்பிவிட்டீர்களா? பி.ஆர். பெற்றுக் கனடாவில் இறங்குமுன் திருத்துவதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஐ.ஆர்.சி.சி.யின் (கனடா குடிவரவுத் துறையின்) வெப்ஃபார்ம் எனும் இணையப் படிவம் வழியாக விடுபட்டவரின் விவரத்தையும் விட்டதற்கான காரணத்தையும் தாமதிக்காமல் எழுதுங்கள். விண்ணப்பித்த பிறகு நடந்த திருமணத்தையும் பிறந்த பிள்ளையையும் இதேபோல் தெரிவிக்க வேண்டும். அனுப்பியதற்கான உறுதிச் செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.