வேலைக்குத் திரும்பும் முன் குழந்தையை இன்னொரு கைக்குப் பழக்குவது

இந்தியச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். அது முடிகிற சமயத்தில்தான் குழந்தைக்கு வேற்றுமுகம் தெரியத் தொடங்கும். யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை ஏழு, எட்டு மாதத்தில் புது ஆளைக் கண்டால் உதட்டைப் பிதுக்கும். அம்மா அறையை விட்டு நகர்ந்தாலே அலறும். செல்லம் கொடுத்ததால் வந்த கோளாறு அல்ல இது. தனக்கு இன்னார்தான் வேண்டும் என்று அது தெரிந்துகொண்டுவிட்டது. ஆகவே பழக்குவதை வேலையில் சேர்வதற்கு நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் ஆளைத் தேர்வு செய்யுங்கள். ஊட்டுகிறவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உளவியல் ஆய்வாளர்கள் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது: அழுகைக்கு உடனே செவிகொடுப்பவரிடமும் விளையாடுகிறவரிடமும்தான் பிள்ளைகள் ஒட்டினார்கள். எனவே வேலையில் படு சுத்தம், ஆனால் ‘கொஞ்சம் அழட்டும், நுரையீரலுக்கு நல்லது’ என்பவர் வேண்டாம். பாட்டியோ ஆயாவோ, பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும். காப்பகம் என்றால் உங்கள் குழந்தைக்கென்று ஒரு பணியாளரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

முதல் வாரம் பிரிவே கூடாது. தினமும் ஒரு மணி நேரம் மூவரும் ஒரே அறையில் இருங்கள். புதியவர் கைநீட்டி ‘வா வா’ என்று பாய்ந்தால் காரியம் கெட்டது. தரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, குழந்தையை உற்றுப் பார்க்காமல் கிண்ணத்தையோ பந்தையோ உருட்டட்டும். குழந்தை அவரைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் தானே தவழ்ந்து போகும்.

இரண்டாம் வாரம் ஒரு வேலையை அவரிடம் முழுதாக விடுங்கள்: துணி மாற்றுவது அல்லது கூழ் ஊட்டுவது. நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், குறுக்கே போகாதீர்கள். எடுத்துவைத்த தாய்ப்பாலைச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டும்போது மட்டும் வெளியே போய்விடுங்கள். உங்கள் வாடை அடித்தால் பல குழந்தைகள் சங்கைத் தட்டிவிடும்.

மூன்றாம் வாரம் பிரிவு: முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பதினைந்து, பிறகு முப்பது. பசியோ தூக்கமோ இல்லாத நேரமாகப் பாருங்கள். தடுப்பூசி போட்ட மறுநாள் வேண்டாம். முகத்துக்கு நேராக ‘அம்மா போய்ட்டு வரேன்’ என்று டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுப் பெரியவர்கள் ‘பாக்காதப்ப நைசா போயிடு’ என்பார்கள். அன்றைக்கு அழுகை மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அடுத்த நாளிலிருந்து குழந்தை உங்கள் மீதிருந்து கண்ணை எடுக்காது, குளிக்கப் போனால்கூட விடாது.

நீங்கள் போனதும் அழத்தான் செய்யும். புதியவர் தோளில் சாய்த்து, தாழ்ந்த குரலில் பேசியபடி நடந்து, சில நிமிடங்களில் தேற்ற முடிந்தால் போதும். பத்து நிமிடம் ஆகியும் முடியாவிட்டால் நீங்கள் திரும்பி வாருங்கள். மறுநாள் நேரத்தைக் கூட்டாதீர்கள். அழுகையை நிறுத்தக் கைபேசியைக் காட்டினால் குழந்தை திரையைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. தூளிக்கு நீங்கள் உடுத்தித் துவைக்காத பருத்திச் சேலையைக் கட்டலாம். குழந்தை தூங்கி எழும்வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பயந்தாலோ விழுந்தாலோ அவரிடம் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் பழகிவிட்டது. அழாமல், விளையாடாமல், சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தையை ‘சமத்து’ என்று விட்டுவிடாதீர்கள். அதற்குத்தான் இன்னும் இரண்டு வாரம் தேவை. அம்மாவை மறந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு, மூன்று பேரிடம் ஒட்டிக்கொள்கின்றன.

மாலையில் நீங்கள் வந்ததும் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பும், சில அடிக்கும். பையை வைத்துவிட்டு முதலில் தூக்குங்கள். சமையலறைக்கு அரைமணி கழித்துப் போகலாம்.