ரீகிளாஸ் போடுவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள்

பூந்தமல்லியில் 19 வருடமாக பிளான் வரைந்து கொடுக்கிறேன். பத்திரப் பையோடு வருகிறவர்கள் உட்காரும்போதே கேட்பது ஒன்றுதான்: "ஏம்மா, வீட்டு மனையை கமர்ஷியலா மாத்தணும், எவ்வளவு ஆகும்?" இப்படி மாற்றுவதைத்தான் ரீகிளாஸ் என்கிறோம். பணத்தை அப்புறம் பேசலாம், இடம் இப்போது எந்த மண்டலத்தில், அதாவது எந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கிய பகுதியில் இருக்கிறது என்று கேட்டால் பட்டாவை எடுத்து நீட்டுவார்கள்.

பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்று சொல்லாது. ஒரு பெரியவர் கமர்ஷியல் கரண்ட் பில்லையும் சொத்துவரி ரசீதையும் மேசைமேல் போட்டு, "கடைன்னுதானே வரி வாங்குறாங்க?" என்று என்னிடம் மல்லுக்கு நின்றார். வரி வாங்குகிறவர் வேறு, மண்டலம் போட்டவர் வேறு ஐயா என்று புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. மண்டலத்தைத் தீர்மானிப்பது 2008 செப்டம்பரில் அரசு ஒப்புதல் கொடுத்த, சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது மாஸ்டர் பிளான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் முதன்மைக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, தொழிலா, நிறுவனமா, வேளாண்மையா என்று தெரிந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள். பெருநகர எல்லையை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவித்தார்கள். இந்த பிளான் வரையப்பட்டதோ பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்குத்தான். உங்கள் நிலம் அதற்கு வெளியே என்றால் கேட்க வேண்டிய இடம் நகர் ஊரமைப்பு அலுவலகம்.

மண்டலம் தெரிந்ததும், மாற்றம் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எந்த மண்டலத்தில் எதெல்லாம் கட்டலாம் என்று பட்டியலே இருக்கிறது. கலப்புக் குடியிருப்பில் ரோட்டின் அகலத்தைப் பொறுத்துப் பல கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடமுண்டு. மருந்துக்கடையும் மேலே ஒரு டியூஷன் சென்டரும் வைக்க ரீகிளாஸ் கேட்டு வந்தவர்களை, பட்டியலைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வருமானம் போச்சு, அவருக்கு ஒரு வருட அலைச்சல் மிச்சம்.

தேவைதான் என்றால், மனு எழுதுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போங்கள். மாங்காடு பக்கம் ஓர் அண்ணன் கல்யாண மண்டபம் கட்ட ஆசைப்பட்டார். பத்திரத்தில் '40 அடி ரோடு' என்று இருந்தது. வாசலில் அளந்தோம், 38 அடி. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே மெயின் ரோடு வரை நடந்தோம். டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற வளைவில் என் உதவியாளர் அந்த முனையைப் பிடிக்க, நான் இந்த முனையைப் பிடித்தேன். 23 அடி. அண்ணன் டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். கல்யாணத்தன்று நூறு வண்டி வருகிற இடத்துக்கு வழி எது என்றுதான் அதிகாரி முதலில் பார்ப்பார். உங்கள் வாசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவர் கணக்கு குறுகலான இடத்தை வைத்துத்தான்.

அப்புறம் எஃப்.எம்.பி. என்கிற, சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடத்தில் நிலத்தின் ஓரமாக வாய்க்கால் கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். மண் மூடி, மேலே வேப்பமரமே முளைத்திருந்தாலும் காகிதத்தில் அது வாய்க்கால்தான். நீர்வளத்துறையின் கருத்து இல்லாமல் அந்த ஃபைல் அசையாது. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையோர நிலத்தடி நீர் ஊறும் பகுதி என்றால் கட்டுப்பாடு கூடுதல். அங்கே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே என்னைப் போல ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

மனுவோடு பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, எஃப்.எம்.பி., சுற்றுப்புறத்தைக் காட்டும் டோப்போ வரைபடம் எல்லாம் போகும். சர்வே எண்ணை மட்டும் இரண்டு பேர் உரக்கப் படித்துச் சரிபாருங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை 2ஏ, 2பி என்று இரண்டு உட்பிரிவு இருந்த நிலத்துக்கு மனுவில் 2ஏ மட்டும் டைப் செய்துவிட்டேன். பத்திரிகை அறிவிப்பும் அப்படியே வந்தது. பக்கத்து நிலத்துக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "பாதி இடத்துக்குத்தான் கேட்டிருக்கீங்க போல" என்றார். மறுபடி மனு, மறுபடி விளம்பரம். நான்கு மாதம் போனது. விளம்பரச் செலவை நிலத்தின் சொந்தக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். அதிகாரிகள் இடத்தை வந்து பார்ப்பார்கள். ஆட்சேபணை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். வழக்கமாக 21 நாள் அவகாசம், கடைசித் தேதியை அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணைகளையும் சேர்த்துக் குறிப்பு தயாராகி தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். பிறகு குழுமக் கூட்டம், அமைச்சர்தான் தலைவர். ஒரே கூட்டத்தில் பல ஃபைல்கள் வரும். காகிதம் குறைகிற ஃபைல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். 'எப்போ கூட்டம்?' என்று தினமும் விசாரிப்பதைவிட, 'என் ஃபைலில் ஏதாவது குறைபாடு எழுதியிருக்கிறீர்களா?' என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்பது வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஒப்புதலானால் 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ம் பிரிவின் கீழ் அரசிதழில் திருத்தம் வெளியாகும். அதில் சர்வே எண் வந்த பிறகுதான் மண்டலம் மாறியதாக அர்த்தம். 'கூட்டத்துல ஓகே ஆயிடுச்சு' என்ற வாய்வார்த்தையை நம்பி ஷட்டர் போட்டுவிடாதீர்கள்.

பக்கத்தில் யாரோ இப்படி மாற்றப் பார்க்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால், நீங்களும் எழுதலாம். தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி, 'எங்கள் அமைதி கெடும்' என்று நாலு பக்கம் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் போதும். அறிவிப்பில் இருக்கிற கிராமப் பெயர், சர்வே எண், அப்புறம் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விஷயம். குரோம்பேட்டையிலிருந்து ஓர் அக்கா மழைநாளில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற போட்டோவையும், வடிகால் எங்கே முட்டி நிற்கிறது என்று பென்சிலால் குறித்த எஃப்.எம்.பி. நகலையும் கொண்டுவந்தார். நான் திருத்த ஒன்றும் இல்லை. தேதி மட்டும் போடச் சொன்னேன். நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தார்.

அரசிதழ் கையில் வந்ததும் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். ரோட்டுக்கு இடம் விடச் சொல்லியிருக்கலாம், வாய்க்காலிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கலாம். மண்டலம்தான் மாறியிருக்கிறது, கட்டடத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை. அதற்குத் தனி மனு, தனி பிளான். வரும்போது அரசிதழ் நகல் ஒன்றையும் கையோடு எடுத்து வாருங்கள்.