இதய அறுவை ஐ.சி.யூ.வில் மருந்து கொடுக்கும்போது கை தவறும் இடங்கள்

பைபாஸோ வால்வு மாற்றமோ முடிந்து வந்த நோயாளியின் கட்டிலருகே நாலைந்து சிரிஞ்ச் பம்ப் ஒரே நேரத்தில் ஓடும். புதிதாக டியூட்டிக்கு வரும் சிஸ்டர்களும் பிரதர்களும் நோரட்ரினலின் (பிரஷரை ஏற்றுவது), மில்ரினோன் (இதயம் சுருங்க வலு தருவது), அமியோடரோன் (தாளம் தப்பிய துடிப்பைச் சீராக்குவது) எதற்கு என்று நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். 1946 முதல் நர்சிங் பட்டப் படிப்பும், 1961 முதல் திறந்த இதய அறுவை சிகிச்சையும் நடக்கும் ஊர் வேலூர். படிப்புக்கு இங்கே குறைவில்லை. மருந்து குப்பியிலிருந்து சிரிஞ்சுக்கும், சிரிஞ்சிலிருந்து ரத்தக்குழாய்க்கும் போகிறதே, அந்த வழியில்தான் அதிகம் தவறுகிறது. அளவை டாக்டரும் உங்கள் யூனிட்டின் புரோட்டோகாலும் முடிவு செய்யும். அந்த அளவு பிசகாமல் போய்ச் சேருவது நம் கையில்.

முதலில் நோரட்ரினலின். 50 மில்லியில் 4 மி.கி. கலந்தால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் பம்பில் மணிக்கு 3 மில்லி. அதே சிரிஞ்சை அடுத்த ஷிப்ட் டபுள் ஸ்ட்ரெங்த்தாக, அதாவது 8 மி.கி.யாகக் கலந்துவிட்டு 3 மில்லியிலேயே ஓடவிட்டால் போவது 0.2. பம்பில் எண் மாறவில்லை, மருந்து இரட்டிப்பாகிவிட்டது. அதனால் ஹேண்டோவரில் "நோராட் 3ல ஓடுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மி.கி., எத்தனை மில்லியில், எத்தனை மைக்ரோகிராம் என்று மூன்றையும் சொல்லுங்கள்; இருவரும் சேர்ந்து லேபிளைப் பாருங்கள். ஆம்பியூலில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட்டா (மருந்தின் உப்பு வடிவம்), பேஸா (மருந்து மட்டும்) என்றும் பாருங்கள். 2 மி.கி. பைடார்ட்ரேட் என்பது 1 மி.கி. பேஸ்தான்.

எடையும் அப்படித்தான். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி வரும் பெண்கள் பலர் மெலிந்திருப்பார்கள். முந்தைய நோயாளியின் 60 கிலோ பம்பிலேயே இருந்துவிட்டால், 40 கிலோ பெண்ணுக்கு ஒன்றரை மடங்கு மருந்து போகும். புது நோயாளி வந்ததும் எடையைப் புதிதாகப் போடுங்கள்.

சிரிஞ்ச் தீர்ந்து அலாரம் அடித்த பிறகு அடுத்ததைக் கலக்க ஓடுவது இன்னொரு தவறு. நோரட்ரினலினின் வேலை ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் பிரஷர் சரிந்துவிடும். கால்வாசி இருக்கும்போதே அடுத்த சிரிஞ்ச் லேபிளோடு தயாராக இருக்கட்டும். மாற்றும்போது, லைனை மூடாமல் சிரிஞ்சை பம்பிலிருந்து கழற்றாதீர்கள். பம்ப் நோயாளியைவிட உயரத்தில் இருந்தால், கழற்றிய சிரிஞ்சிலிருந்து மருந்து தானாக உள்ளே இறங்கும். ஆர்ட்டீரியல் லைனில் (தமனியில் போட்டு பிரஷரைத் தொடர்ந்து காட்டும் குழாய்) பிரஷர் திடீரென்று 200ஐத் தொடும். தைத்துவந்த இதயத்துக்கும் கிராஃப்டுக்கும் (பைபாஸில் வைத்துத் தைத்த ரத்தக்குழாய்) அது ஆபத்து. நோரட்ரினலின் ஓடும் அதே லூமனில் (லைனுக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளில் ஒன்று) ஆன்டிபயாடிக் போட்டு ஃபிளஷ் செய்தாலும் இதே கதிதான். சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தக்குழாயில் போடும் லைன்) ஒரு லூமனை இதற்கென்றே ஒதுக்குங்கள்; ஒதுக்கியதை எழுதி ஒட்டுங்கள்.

பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராகத் தள்ளக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 15% ஆம்பியூல் 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட் (mEq, பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருப்பதும், அந்த ஆம்பியூல் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலைப் போலவே இருப்பதும் அவசரத்தில் மறந்துபோகும். இரண்டையும் ஒரே டிரேயில் வைக்காதீர்கள். பாட்டிலில் சேர்த்ததும் நான்கைந்து முறை கவிழ்த்துக் கலக்குங்கள். இல்லையென்றால் அடியில் தங்கி முதலில் அதுவே அடர்த்தியாக இறங்கும். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் தொடங்கவே வேண்டாம். எவ்வளவு கொடுத்தும் பொட்டாசியம் ஏறவில்லையென்றால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5 மில்லி குப்பி 5,000 யூனிட்டிலும் வருகிறது, 25,000 யூனிட்டிலும் வருகிறது. ஆர்ட்டீரியல் லைனின் பிரஷர் பேக்கில் (லைன் அடைக்காமல் இருக்க வைக்கும் சலைன் பை) 500 யூனிட் போட வேண்டிய இடத்தில், குப்பியைப் பார்க்காமல் 25,000 குப்பியிலிருந்து வழக்கமான அரை மில்லியை எடுத்தால் 2,500 யூனிட் போய்விடும். டிரெய்னில் ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் முதல் சில மணி நேரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. அதே லைனிலிருந்து, முதலில் வரும் ரத்தத்தை ஒதுக்காமல் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பரிசோதனை) சாம்பிள் எடுப்பதும் தவறு; ரிப்போர்ட் தப்பாக வரும், இல்லாத பிரச்சினைக்கு, ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் எழுதப்படும். புரோட்டமினை வேகமாகத் தள்ளினால் பிரஷர் விழும். 10 நிமிடத்தில் 50 மி.கி.யைத் தாண்டக்கூடாது. புரோட்டமின் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று அறிய, மீன் ஒவ்வாமை உண்டா, முன்பு என்.பி.எச். வகை இன்சுலின் போட்டிருக்கிறாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகையாகக் கிடைக்கிறது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். சர்க்கரை மட்டுமல்ல, பொட்டாசியமும் இறங்கும். இதயத் துடிப்பு தாளம் தப்ப அது போதும்.

மில்ரினோன் ஓடும் லைனில் ஃபுரோசமைடு (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) போடாதீர்கள், உடனே திரிந்து படியும். அமியோடரோனை சலைனில் கலக்காதீர்கள், 5% டெக்ஸ்ட்ரோஸில் கலக்குங்கள்.

கடைசியாக, வார்டுக்கு மாற்றும் நேரம். மேற்கு வங்கம், வங்கதேசம், ஜார்கண்டிலிருந்தெல்லாம் வேலூருக்கு வருகிறார்கள். சித்தூர்க்காரர்கள் சொல்லவே வேண்டாம். வால்வு நோயாளியின் உறவினரிடம் பழைய மாத்திரைப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் எழுதிய, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அதில் இருக்கும். இங்கே அதே வேலையைச் செய்யும் அசிட்ரோம் தொடங்கியிருப்பார்கள். பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டுவிடுவார்கள். துடிப்புக் கோளாறுக்காக ஐ.சி.யூ.வில் அமியோடரோன் தொடங்கியிருந்தால் அதையும் மாற்றல் குறிப்பில் மறக்காமல் எழுதுங்கள். அது ஐ.என்.ஆரை (இந்த மாத்திரையால் ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) நாள் செல்லச் செல்ல ஏற்றும். வார்டில் இருப்பவர்களுக்கு அது தெரிந்தால்தான் ரத்தப் பரிசோதனையை நெருக்கி வைத்து, மாத்திரை அளவைக் குறைக்க முடியும்.