டிராக் டேக்கு முதல் பைக்: படிப்படியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு வெள்ளை டேப். அதை ஒட்டியிருக்கும் சுவிட்ச் பெட்டியில் இன்னொரு துண்டு. இரண்டும் ஒரே கோட்டில். டேங்க் மேல் ஒரு சின்ன கேமரா. நான் 1000 சிசி வண்டியோடு டிராக் டேக்களுக்கு (கட்டணம் கட்டி ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகும் நாட்கள்) போய்க்கொண்டிருந்த முதல் வருடத்தில், பயிற்சியாளர் ஒருவர் இப்படி ஒட்டிவிட்டார். மாலையில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தோம். நீளமான ஸ்ட்ரெய்ட்டில், அதாவது நேர்ப் பாதையில், இரண்டே முறை தவிர, பிடியில் இருந்த டேப் கட்டைவிரல் அகலத்தைத் தாண்டி நகரவே இல்லை. வண்டியின் சக்தியில் பெரும்பகுதியை நான் தொடவே இல்லை.

அடுத்த முறை அவர் தன்னுடைய 300 சிசி வண்டியைக் கொடுத்தார். அதிலும் அதே டேப். மூன்றாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு கார்னர் முடிவிலும் பிடி முழுசாகத் திரும்பியது. எங்கே பிரேக் போட வேண்டும், எங்கே பிரேக்கை விட வேண்டும், எங்கே திருக ஆரம்பிக்க வேண்டும் என்று யோசிக்க எனக்கு முதல்முறையாக நேரம் கிடைத்தது. முதல் டிராக் பைக் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முழுசாகத் திருகி ஓட்டக்கூடிய வண்டியை எடுங்கள், அது விழுந்தால் ஆகும் செலவைத் தாங்கக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1. வாங்கும் முன் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்

தினமும் ஓட்டும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் முதல் டிராக் டேக்கு அதுவே போதும். 200 சிசி நேக்கட் பைக்கானாலும் பரவாயில்லை. அகலமான ஹேண்டில்பாரும் நிமிர்ந்த உட்காரும் நிலையும் புதியவருக்கு உண்மையிலேயே உதவும், விழுந்தால் உடைய ஃபேரிங்கும் (வண்டியை மூடும் வெளி உறை) கிடையாது. குரூசர் வகை மட்டும் சரிப்படாது. கால் மிதி தாழ்வாக இருப்பதால் கொஞ்சம் சாய்த்தாலே தரையில் உரசும். பயிற்சிப் பள்ளியில் வாடகை வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு நாள் முடியும்போது உங்களைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். மணிக்கட்டு வலிக்கிறதா, முழங்கால் மடங்க மறுக்கிறதா, முக்கியமாக இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? பிடிக்காதவர்களும் உண்டு. வண்டி வாங்கிய பிறகு அது தெரிய வருவதுதான் கஷ்டம்.

சொந்த வண்டியை எடுத்துப் போவதானால் இன்சூரன்ஸ் பத்திரத்தை முன்பே படித்துவிடுங்கள். டிராக்கில் ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

2. பணத்தைத் தலைகீழ் வரிசையில் பிரியுங்கள்

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை வண்டிக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஹெல்மெட் தேடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். வரிசையை அப்படியே திருப்புங்கள்.

முதலில் உடம்புக்கு. முழு முகம் மூடும் ஹெல்மெட் (ஈசிஇ 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருந்தால் சிறப்பு), ஒரே துண்டான லெதர் சூட் அல்லது இடுப்பைச் சுற்றி முழு ஜிப்பால் இணையும் இரட்டைத் துண்டு சூட், மணிக்கட்டுக்கு மேல் ஏறும் கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ், முதுகுக் காப்பு. அப்புறம் ஒரு சீசனுக்கான செலவு: நுழைவுக் கட்டணம், ஒரு செட் டயர், பிரேக் பேட், ஆயில், பெட்ரோல், வண்டியை ஏற்றிப் போகும் வாடகை. இதையெல்லாம் கழித்துவிட்டு மீதி இருப்பதுதான் வண்டிக்கான பணம். அது சின்னத் தொகையாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், நல்ல டிராக் பைக்குகள் பல அந்தச் சின்னத் தொகைக்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொரு கணக்கும் போடுங்கள். மனசில் இருக்கும் மாடலுக்கு பிரேக் லிவர், கிளட்ச் லிவர், கால் மிதியும் அதன் தாங்கியும், ஒரு பக்க ஹேண்டில்பார், இஞ்சின் பக்க மூடி ஆகியவற்றின் விலையை விசாரியுங்கள். மெதுவாகச் சரிந்து விழும்போது போவது பெரும்பாலும் இவைதான். உதிரி பாகம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றால் அந்த வண்டி டிராக்கில் இருப்பதைவிட ஷெட்டில்தான் அதிகம் நிற்கும்.

3. சிசியை முடிவு செய்யுங்கள்

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 100 கி.மீ. வேகத்தில் இருக்கும் ஆற்றல் 140-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 200-இல் நான்கு மடங்கு. கார்னருக்கு முன் அத்தனையையும் பிரேக்கும் முன் டயரும்தான் உள்வாங்க வேண்டும். 200 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. பிரேக் போடும் இடத்தை அரை வினாடி தவறவிட்டால், எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் அளவுக்குத் தள்ளிப் போய்விடுவீர்கள். அதே தவறை 100-இல் செய்தால் பாதி தூரம்தான், திருத்திக்கொள்ள இடம் இருக்கும்.

சின்ன வண்டி மெதுவான வண்டி என்று நினைக்க வேண்டாம். 300, 400 சிசி அளவிலான சின்ன வண்டிகளுக்கென்றே சூப்பர்ஸ்போர்ட் 300 உலக சாம்பியன்ஷிப் 2017-இல் தொடங்கியது. 2018-இல் ஸ்பெயின் வீராங்கனை ஆனா கராஸ்கோ அதை வென்றது கவாசாக்கி நிஞ்சா 400 வண்டியில். சாலைக்கான நிஞ்சா 400-இன் சக்தி சுமார் 45 குதிரைத்திறன், பெட்ரோலோடு எடை 168 கிலோ. யமஹா ஆர்3 (321 சிசி, இரட்டை சிலிண்டர்) இதற்கு மிக நெருக்கம். கேடிஎம் ஆர்சி 390 ஒற்றை சிலிண்டர் வண்டி. கார்னரில் சட்டென்று திரும்பும், அதிர்வு கொஞ்சம் கூடுதல். முதல் வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த மூன்றில் நல்ல நிலையில் கிடைப்பதைத்தான். உடம்பு ஒல்லியாக இருந்து, டிராக்கும் சின்னதாக இருந்தால் 150 சிசி யமஹா ஆர்15-கூட அருமையான பள்ளிக்கூடம்.

எடை 90 கிலோவுக்கு மேல் என்றாலோ, உங்கள் டிராக்கில் ஸ்ட்ரெய்ட் மிக நீளம் என்றாலோ 650 சிசி இரட்டை சிலிண்டர் பக்கம் போகலாம். 1999-இல் வந்த சுசூகி எஸ்வி650 இன்றும் பல நாடுகளின் கிளப் ரேஸ்களில் ஓடுகிறது. அதன் வி-ட்வின் இஞ்சின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) குறைந்த சுழற்சியிலிருந்தே இழுக்கும், சக்தி எங்கேயும் திடீரென்று வெடிக்காது. முன் ஃபோர்க் (முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன்) மட்டும் கம்பெனியிலிருந்து வரும்போது மென்மையாக இருக்கும், கனமானவர்கள் ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். யமஹா ஆர்7, அப்ரிலியா ஆர்எஸ் 660 இரண்டும் இதே வழியில் வந்த புது வண்டிகள். இரண்டாவதில் சக்தி 100 குதிரைத்திறன் என்பதை மறக்க வேண்டாம்.

நாலு சிலிண்டர் 600-கள்? யமஹா ஆர்6, ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் போன்றவை டிராக்குக்காகவே செய்தது போன்ற சேஸிஸ் உள்ளவை. எனக்கு அவற்றின் மேல் பெரிய காதல் உண்டு. ஆனால் சக்தி 10,000 ஆர்பிஎம்முக்கு (இஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) மேல்தான் முழுசாக எழும்பும், அந்த இடத்தில் வண்டியை வைத்திருக்கும் பழக்கம் முதலில் வர வேண்டும். இரண்டாவது வண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். 1000 சிசி பற்றி மேலே சொன்ன டேப் கதையே போதும்.

4. செகண்ட் ஹேண்ட் வண்டியைத் தடவிப் பாருங்கள்

புது வண்டி முதல் கீறலிலேயே மனசை உடைக்கும். கீறல் பயத்தோடு ஓட்டுபவருக்குக் கற்றுக்கொள்ள வராது. அதனால் செகண்ட் ஹேண்ட்தான் என் பரிந்துரை. முடிந்தால் ஏற்கெனவே டிராக்குக்குத் தயார் செய்த வண்டி. ஃபைபர் ஃபேரிங், கிராஷ் கார்டு, நல்ல பிரேக் ஹோஸ் எல்லாம் முந்தையவர் செலவில் வந்துவிடும். கீறல் இருப்பது குற்றமில்லை, வளைவுதான் குற்றம். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். அது போய் முட்டும் இடத்தில் சேஸிஸில் ஒரு சின்ன முட்டு இருக்கும். டார்ச் அடித்து அதைப் பாருங்கள். நசுங்கியிருந்தாலோ, வெல்டிங் போட்டு, மேலே புது பெயின்ட் அடித்திருந்தாலோ வண்டி பலமாக விழுந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைவானாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, முன் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி, ஒரே விரலால் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். எண்ணெய் போல வழுக்கிப் போக வேண்டும். நடுவில் வரும்போது ஒரு சின்னக் குழியில் விழுந்து ஏறுவது போல விரலுக்குத் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஃபோர்க் குழாயில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். நகம் எங்கேயாவது சிக்கினால் அந்தப் புள்ளி, ஃபோர்க் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுக்கும். வெள்ளைத் துணியால் சீலைச் சுற்றித் துடையுங்கள், எண்ணெய்க் கறை படக் கூடாது. கசியும் ஆயில் பிரேக் பேடில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் எடுத்துப் போய் அளந்து பாருங்கள். இஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் பேப்பரோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும், டிராக்கில் மட்டும் ஓடிய வண்டி என்று சொன்னாலும், பாருங்கள்.

5. டயரும் பிரேக்கும்

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன ரப்பர் கெட்டியாகியிருக்கும், மாற்றிவிடுங்கள். வண்டியை முடிவு செய்யும் முன், அதன் டயர் அளவில் நல்ல ஸ்போர்ட் டயர் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சின்ன வண்டிகள் சிலவற்றில் பயஸ் என்ற பழைய வகை டயர் வரும், ரேடியல் வகைக்கு மாறும் வசதி இருந்தால் நல்லது.

யாராவது ரேஸில் ஓடிய ஸ்லிக் டயரை (பட்டனே இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்) மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஸ்லிக்கை 80 டிகிரி அளவில் வார்மர் (டயரைச் சுற்றும் மின்சாரப் போர்வை) போட்டுச் சூடாக்கித்தான் கிளம்ப வேண்டும், அந்தச் சூட்டைக் காப்பாற்றும் வேகமும் வேண்டும். புதியவரின் வேகத்தில் அது ஆறிப்போகும், ஆறிய ஸ்லிக் முன்னறிவிப்பில்லாமல் வழுக்கும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான ஸ்போர்ட் டயர் இரண்டே சுற்றில் தயாராகிவிடும்.

பிரேக் ஆயில் எந்த வண்டியானாலும் வாங்கியவுடன் மாற்றுங்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. காற்றிலிருந்து 3.7 சதவீதம் ஈரம் இழுத்துவிட்டால் அது 155 வரை இறங்கலாம். சாலையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டிராக்கில் நாலாவது சுற்றில் லிவர் பஞ்சு போல ஹேண்டில் வரைக்கும் வரும். எனக்கு ஒரு முறை வந்திருக்கிறது, நீண்ட ஸ்ட்ரெய்ட்டின் முடிவில். டிராக்குக்கு வெளியே மண் பரப்பு அகலமாக இருந்ததால் நிமிர்ந்தபடியே ஓடி நின்றேன். வண்டியை விற்றவர் ஆயில் புதுசு என்று சொன்னதை நம்பியிருந்தேன். அன்றிலிருந்து யார் சொன்னாலும் நானே மாற்றுகிறேன்.

ஏபிஎஸ் இருக்கும் வண்டி கிடைத்தால் எடுங்கள். குயிக் ஷிஃப்டருக்காக (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் கருவி) ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

6. உட்கார்ந்து பாருங்கள்

சூட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் இடுப்பைப் பாதி வெளியே நகர்த்தி, வெளிப்பக்கத் தொடையால் டேங்க்கைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் லேசாக விட்டுப் பாருங்கள். உடம்பு தாங்கினால் வண்டி உங்கள் அளவுதான். ஹேண்டிலைப் பிடித்துத் தொங்கினால்தான் இருக்க முடிகிறது என்றால் கார்னரில் ஸ்டியரிங் உங்கள் எடையால் இறுகும்.

7. முதல் நாளுக்குத் தயார் செய்வது

கண்ணாடிகளைக் கழற்றுங்கள், விளக்குகளில் டேப் ஒட்டுங்கள். கிளைகால் கலந்த கூலண்ட்டை இறக்கிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லும் டிராக்குகள் பல உண்டு. கூலண்ட் தரையில் சிந்தினால் எளிதில் காயாது, பின்னால் வருபவர் அதில் வழுக்கி விழுவார். ஆயில் போல்ட் கழன்றுவிடாதபடி லாக் வயர் (இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய கம்பி) கட்டுங்கள். சைலன்சர் சத்தம் வரம்புக்குள் இருக்கிறதா என்று விதிகளில் பாருங்கள், சத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டே போனால், விழுந்த பிறகு வீடு திரும்புவது எப்படி என்ற எண்ணம் நாள் முழுக்கக் கூடவே வரும்.

காலையில் முதல் செஷனுக்கு முன் டயர் காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிட்டுக்குத் திரும்பியதும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, சூடு ஆறுவதற்குள் மறுபடி அளந்துவிடுங்கள். டயர் கம்பெனி சொல்லும் சூடான நிலை அளவைத் தாண்டியிருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம் சக்கர அச்சு நட்டு, பிரேக் காலிப்பர் போல்ட், செயின் தளர்வு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். அடுத்த செஷனுக்குக் கூப்பிட இன்னும் பதினைந்து நிமிடமாவது இருக்கும், நிழலில் உட்காருங்கள்.